கல்லூரிக்குள் இடமில்லாத அக்கறை: தமிழ்நாட்டு மாணவர்களும் அரசியலும்

இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு அரசியலிலும் சமூக நீதியிலும் அக்கறை உண்டா என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம் இரண்டு ஆண்டுகளே அளவுகோலாக முன்வைக்கப்படுகின்றன. அக்கறை இல்லை என்று குறைப்படுவோர் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் காட்டி, அத்தகைய தலைமுறை இனி வராது என்பர். உண்டு என்று வாதிடுவோர் 2017 ஜனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் கூடிய கூட்டத்தைக் காட்டி, அந்த உணர்வு மங்கவில்லை என்பர். எதிரெதிராகப் பேசினாலும் இரு தரப்பினரும் பார்ப்பது தெருவை மட்டுமே. மாணவர் ஒருவர் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் வகுப்பறையிலும் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் முதல்வர் அலுவலகத்திலும் அவருடைய அக்கறைக்கு என்ன இடம் இருக்கிறது என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. அதைக் கேட்காமல் மாணவர்களின் மனத்தை அளந்துவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இங்கே அரசியல் என்பது கட்சி அரசியலை மட்டும் குறிக்கவில்லை. பலரும் கூடி வாழும் ஓரிடத்தில் அனைவரையும் பாதிக்கும் முடிவுகளை எடுப்பதில் பங்கு கேட்பது எல்லாமே அரசியல்தான். சமூக நீதி என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டு வழக்கில் இரண்டு அடுக்குகள் உண்டு. கல்வியும் அரசுப் பணியும் காலங்காலமாக மறுக்கப்பட்ட சாதிகளுக்கு அவற்றில் உரிய பங்கு கிடைக்கச் செய்வது, அதாவது இடஒதுக்கீடும் அதைச் சார்ந்த சலுகைகளும், முதல் அடுக்கு. அப்பங்கைப் பெற்று உள்ளே வந்தவர் மற்றவரோடு சமமாக உட்காரவும் உண்ணவும் நட்பு கொள்ளவும் மணம் செய்யவும் முடிவது இரண்டாம் அடுக்கு. மாணவர்களின் அக்கறையைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் விளைபவை.

தமிழ்நாட்டு மாணவர் அரசியலின் தொடக்கக் கட்டத்தில் இவ்விரு அடுக்குகளும் பிரியாமலே இருந்தன. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானையும் ஏனையோருக்கு வேறொரு பானையும் வைக்கப்பட்டிருந்ததை ஒட்டி எழுந்த பிணக்கிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் உருவாயிற்று. நாடாளும் உரிமை பற்றிய பெரிய கொள்கையிலிருந்து தொடங்கி விடுதிக்கு இறங்கி வராமல், அன்றாடம் தண்ணீர் குடிக்கும் இடத்தில் தொடங்கி மாகாண அரசியலுக்கு ஏறிச் சென்ற இயக்கம் அது. அதே காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் போன்றோர் மாணவப் பருவத்திலேயே சுயமரியாதை இயக்க மேடைகளில் பேசப் பழகினர். பேச்சு, விவாதம், கூட்டம் நடத்துதல், துண்டறிக்கை அச்சிடுதல் ஆகிய அரசியல் தொழில்நுட்பங்களைக் கற்றுத்தரும் பயிற்சிக் களமாகக் கல்லூரி விடுதிகள் இருந்தன. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட பலரின் உருவாக்கத்தில் பாடத்திட்டத்துக்கு இருந்ததைவிட விடுதி முற்றத்துக்குப் பெரிய பங்கு இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

1965ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ளவும் இந்தப் பின்புலம் வேண்டும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் நிறைவுறும் ஜனவரி 26 அன்று இந்தி ஒன்றியத்தின் முதன்மை ஆட்சிமொழியாகும் என்ற நிலையில், அதற்கு முதல்நாள் மதுரையில் தொடங்கிய மோதல்கள் மாநிலம் முழுவதும் பரவின. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். பிப்ரவரி 11 அன்று ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து 1967 தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த பெ. சீனிவாசன், அந்தப் போராட்டத்தின் வழியே அறியப்பட்ட மாணவர் தலைவர். அன்று வாக்குரிமை வயது 21 என்பதால் தெருவில் இறங்கிய மாணவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை என்பதும், வாக்கில்லாத அவர்கள்தான் ஓர் ஆட்சி மாற்றத்துக்கு வழி அமைத்தனர் என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆனால் அந்த எழுச்சி ஒரே இரவில் முளைத்ததன்று. கல்லூரிதோறும் மாணவர் மன்றங்கள் இருந்தன, அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகள் இருந்தனர், ஓர் ஊர்க் கல்லூரியின் செயலாளர் அடுத்த ஊர்க் கல்லூரியின் செயலாளருக்கு எழுதிக் கேட்டுச் சேர முடிந்தது. மாணவர் போராட்டக் குழு என்ற பெயரில் மாநில அளவில் இயங்கிய அமைப்பு இந்த வலைப்பின்னலின் மீதுதான் எழுந்தது.

வென்ற இயக்கங்களுக்கு நேர்வது அதற்கும் நேர்ந்தது. மாணவர் தலைவர்கள் கட்சிக்குள் சென்று சட்டமன்ற உறுப்பினர்களாகவும் அமைச்சர்களாகவும் ஆயினர். மாணவர் வலிமையை நேரில் கண்டு ஆட்சிக்கு வந்தவர்கள், அதே வலிமை தங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பதையும் நன்கு அறிந்திருந்தனர். 1971இல் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது எழுந்த எதிர்ப்பு காவல்துறைத் தடியடியில் முடிந்ததும், அதையடுத்து உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கண்டெடுக்கப்பட்டதும், ஆறே ஆண்டுகளில் மாணவருக்கும் ஆட்சிக்குமான உறவு எவ்வளவு மாறிவிட்டது என்பதைக் காட்டுகின்றன. அதன் பின் எந்தக் கட்சி ஆண்டாலும், கல்லூரிக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் தலைமை இருப்பதை விரும்பிய அரசு தமிழ்நாட்டில் அமையவில்லை. கட்சிகள் தத்தம் மாணவர் அணிகளை வைத்துக்கொண்டன. அந்த அணிகள் மாநாட்டுக்கு ஆள் சேர்த்தனவே ஒழிய, கல்லூரிப் பேரவைத் தேர்தலைக் கோரித் தொடர்ந்து போராடவில்லை.

இதற்கிடையே கல்லூரி என்ற நிறுவனமே வேறாயிற்று. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, அதாவது அரசின் நிதியுதவி இன்றி மாணவர் செலுத்தும் கட்டணத்திலேயே இயங்கும் தனியார் கல்லூரிகளுக்கு, அனுமதி வழங்கப்பட்டது. உச்சக் காலத்தில் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. கலை அறிவியல் கல்லூரிகளும் அதே வழியில் பெருகின. இதன் நற்பயனை எவரும் மறுக்க இயலாது. உயர்கல்வி குறித்த 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இடஒதுக்கீடும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருவோருக்கான கல்விக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 2022ஆம் ஆண்டின் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கான 2024ஆம் ஆண்டின் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இந்த வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சமூக நீதியின் முதல் அடுக்கில் தமிழ்நாடு அடைந்தது மெய்யான வெற்றி.

அந்த வெற்றியின் பயனாகக் கல்லூரிக்குள் வந்த மாணவருக்கு வாய்த்த கல்லூரி எப்படிப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகளில் மாணவர் பேரவை என்பது இல்லை. இருந்தாலும் அதன் பொறுப்பாளர்கள் துறைத்தலைவர்களால் நியமிக்கப்படுகின்றனர், அவர்களுடைய வேலை ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடுவதோடு முடிகிறது. ஆணும் பெண்ணும் பேசுவதற்கும், உடைக்கும், கைப்பேசிக்கும், விடுதியிலிருந்து வெளியே செல்வதற்கும் விதிகள் உள்ளன. அந்த விதிகளை வகுக்கும் இடத்தில் மாணவர் குரல் எதுவும் இல்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பகுதி அக மதிப்பீட்டுக்கு உரியது; மாணவர் வழக்கில் இன்டர்னல் மார்க் எனப்படும் அந்த மதிப்பெண் பாடம் நடத்தும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. 1978 முதல் வந்த தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுத்தல், வினாத்தாள் எடுத்தல், விடைத்தாள் திருத்தல் அனைத்தும் கல்லூரியின் பொறுப்பே என்பதால், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் கையும் மதிப்பெண் போடும் கையும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே உணவுக்கூடத்துச் சோற்றைப் பற்றிப் புகார் எழுதும் மாணவர், பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள் என்பதையும், டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் வரும் என்பதையும் முன்கூட்டியே அறிவார். கல்விக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து அனுப்பிய குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அந்த மிரட்டல் வெறும் சொல்லன்று. ஒரு தலைமுறையின் கணக்கையே கலைத்துவிடும் ஆபத்து. இந்நிலையில் அவர் காக்கும் அமைதியை அக்கறையின்மை என்று எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

மாணவர் மன்றங்களுக்கான தேர்தல் பற்றி நாட்டளவில் ஒரு நெறிமுறை உண்டு. கேரளத்துக் கல்லூரி முதல்வர்கள் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையின் பேரில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகள் 2006 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும், வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, தேர்ச்சி பெறாத பாடங்கள் இருக்கக் கூடாது, மன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம் என்பன போன்ற கட்டுப்பாடுகளே அக்குழுவின் பெயரால் பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. கட்டுப்பாடுகள் கடுமையானவை, சில தேவையற்றவையும்கூட. அரியர் வைத்திருப்பவருக்குத் தலைமை தாங்கும் தகுதி இல்லை என்பது, ஆங்கில வழிப் பாடத்தில் முதல் பருவத்தில் தடுமாறும் கிராமத்து மாணவரைத்தான் முதலில் வெளியே நிறுத்தும். ஆயினும் அக்குழு அடிப்படையில் தேர்தல் வேண்டும் என்றே சொன்னது என்பது மறக்கப்பட்டுவிட்டது.

கல்லூரி அமைந்திருக்கும் இடமும் அரசியலைத் தீர்மானிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, நகரின் எந்தப் பொதுப் பிரச்சினைக்கும் முதலில் தெருவுக்கு வரும் மாணவர்களைக் கொண்டிருந்தது. 2008 நவம்பர் 12 அன்று அதே வளாகத்தில் சாதி வழியே பிரிந்த மாணவர்கள் ஒருவரையொருவர் கொடூரமாகத் தாக்கிக்கொண்டனர். காவலர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அதை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையத்துக்குப் பின் நிகழ்ந்தது என்னவெனில், 2018இல் அந்தக் கல்லூரி பிரிக்கப்பட்டுப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும், நகருக்கு வெகுதொலைவில், மாணவர்களின் எதிர்ப்பையும் மீறிக் கொண்டுசெல்லப்பட்டது. சாதிப் பகையைத் தீர்க்கும் வழியாக அது அமையவில்லை. பகையும் போராட்டமும் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றன. மறுபுறம், மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி போன்ற நகரத்துப் பழைய கல்லூரிகளுக்குத் திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வழித்தடங்களில் மின்தொடர் வண்டியிலும் பேருந்திலும் வரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளிடையே ரூட்டு தல என்ற தலைமை முறை வளர்ந்தது. ஒரு வழித்தடத்தில் வரும் மாணவர்களின் தலைவன் என்று அதற்குப் பொருள். அதற்கு வாரிசும் உண்டு, எல்லையும் உண்டு, எல்லைச் சண்டையும் உண்டு, அச்சண்டைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இது ரவுடித்தனம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இளைஞர்கள் தங்களுக்கென ஒரு தலைமையைத் தேடும் வேட்கை, அதற்கு முறையான வாயில் அடைக்கப்பட்ட இடத்தில் எடுத்த வடிவமாகவும் இதைக் காண வேண்டும்.

கல்லூரிக்குள் வெளிப்பட முடியாத அக்கறை, வெளியே திடீரென்று பெருகும். 2013 மார்ச் 8 அன்று சென்னை இலயோலா கல்லூரி மாணவர் எட்டுப் பேர் இலங்கை அரசின் போர்க்குற்றங்களுக்கு எதிராகத் தொடங்கிய உண்ணாநோன்பு, சில நாள்களில் மாநிலத்தின் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பரவியது. மார்ச் 19 அன்று தி.மு.க. ஒன்றியக் கூட்டணி அரசிலிருந்து வெளியேறியதில் அந்த அழுத்தத்துக்குப் பங்குண்டு. அ.தி.மு.க. அரசு கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்தது. விடுதிகளிலிருந்து மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் போராட்டம் தணிந்தது. விடுமுறை என்பதே தமிழ்நாட்டு அரசுகள் மாணவர் அரசியலுக்கு எதிராகக் கையாளும் மிக எளிய ஆயுதம். கூடும் இடம் கல்லூரியாக இருந்து, கல்லூரியில் நிலையான அமைப்பு எதுவும் இல்லாதபோது, கதவைப் பூட்டினாலே போதும்.

2017இல் மாணவர்கள் கூடிய இடம் கடற்கரை. அதைப் பூட்ட இயலாது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த ஏறுதழுவல் தடைக்கு எதிராக, ஜனவரி 16இல் அலங்காநல்லூரிலும் மறுநாள் முதல் மெரினாவிலும் தொடங்கிய கூடல், ஒரு வாரத்தில் மாநில அரசை அவசரச் சட்டம் கொண்டுவரச் செய்தது. இளம்பெண்கள் இரவெல்லாம் அச்சமின்றிக் கடற்கரையில் அமர்ந்திருந்தனர். கட்சித் தலைவர்கள் வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. தலைமை என்று எவரும் இல்லை. தலைமையின்மையே அதன் பெருமையாகப் புகழப்பட்டது. ஜனவரி 23 அன்று காவல்துறை கூட்டத்தைக் கலைத்தபோது அந்தப் பெருமையின் மறுபக்கம் தெரிந்தது. விரட்டப்பட்ட மாணவர்களுக்குத் தண்ணீரும் அடைக்கலமும் கொடுத்த நடுக்குப்பத்து மக்களின் மீன் சந்தை எரிக்கப்பட்டது. அதற்குக் காவல்துறையே பொறுப்பு என்று அம்மக்கள் குற்றஞ்சாட்டினர். அந்த எளிய மக்களுக்காக வழக்கு நடத்தவும், விசாரணை ஆணையத்தில் சாட்சியங்களைத் திரட்டவும், இழப்பீடு கோரித் தொடர்ந்து நிற்கவும், ஒரு வாரம் கடற்கரையை நிறைத்த கூட்டத்தின் சார்பில் ஓர் அமைப்பு இல்லை. தனியாட்களும் சில இயக்கங்களும் நின்றனர். கூட்டம் வகுப்புக்குத் திரும்பியிருந்தது.

இதைவிடக் கடினமான ஒப்பீடு ஒன்று உள்ளது. மெரினாக் கூடலுக்குப் பத்து மாதங்கள் முன்னர், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே சங்கர் என்ற பொறியியல் கல்லூரி மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியில் பிறந்த அவர் வேறு சாதிப் பெண்ணை மணந்ததே காரணம். கொலைக் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகித் தமிழ்நாடு முழுவதும் பார்க்கப்பட்டது. காளைகளுக்காகத் திரண்ட பொறியியல் மாணவர்களின் வகுப்புத் தோழர் என்று சொல்லத்தக்க ஒருவருக்காக, ஒப்பிடத்தக்க மாணவர் திரள் எதுவும் எழவில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்களின் கல்மனம் என்று விளக்கினால் உண்மை கிடைக்காது. ஏறுதழுவலும் இந்தி எதிர்ப்பும் ஈழமும் தமிழர் என்ற ஒற்றை அடையாளத்தின் கீழ் அனைவரையும் ஒருபக்கம் நிறுத்துபவை. எதிரி தில்லியிலோ கொழும்பிலோ இருக்கிறார். சாதிக் கொலை அப்படிப்பட்டதன்று. அது வகுப்பறையையே இரண்டாகப் பிளக்கிறது. கொன்றவரின் சாதியும் இறந்தவரின் சாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அத்தகைய பிரச்சினையைப் பற்றிப் பேச, ஒருவரையொருவர் முன்பே அறிந்த, கருத்து வேறுபட்டும் கலையாமல் கூடிப் பழகிய ஒரு நிலையான மன்றம் வேண்டும். ஒரு வாரக் கூட்டத்தால் அது முடியாது. தமிழ்நாட்டின் பெருங்கூடல்கள் சமூக நீதியின் இரண்டாம் அடுக்கைத் தொடாமல் போனதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

முதல் அடுக்கு தாக்கப்படும்போது மாணவர்கள் தயங்குவதில்லை என்பதை 2017 செப்டம்பர் காட்டியது. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டபோது, கல்லூரி மாணவர்களும் பள்ளி மாணவிகளும் தெருவுக்கு வந்தனர். தேர்வுக் கட்டணம், தனிப்பயிற்சி மையங்களின் செலவு, மாநிலப் பாடத்திட்டம், அரசுப் பள்ளி என்று அவர்கள் பேசிய மொழி உணர்ச்சியோடு நிற்கவில்லை. வாய்ப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்ற துல்லியமான புரிதல் அதில் இருந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் 2020ஆம் ஆண்டின் சட்டத்தை அந்தத் தொடர் அழுத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மாணவர் எழுச்சி எல்லாமே சமூக நீதியின் பக்கம் நிற்கும் என்று கருதிவிடவும் கூடாது. 1990இல் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கோரிய மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்துத் தில்லி மாணவர்கள் தீக்குளிக்கும் அளவுக்குச் சென்றனர். 2006இல் ஒன்றிய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கும் அரசியல் அக்கறை இருந்தது, ஆனால் அது சமூக நீதிக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

கூட்டத்தின் அளவை மறந்துவிட்டுப் பார்த்தால், அண்மைக் காலத்தின் மிக முக்கியமான மாணவர் முயற்சிகள் சிறு வட்டங்களாகவே இருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் துண்டறிக்கை வெளியிட்டு, கூட்டம் நடத்தி, நூல்களை விவாதித்தது. பெயரில்லாப் புகார் ஒன்று தில்லி அமைச்சகம் வழியாக வந்ததையொட்டி 2015 மே மாதம் நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை விலக்கியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து ஜூன் முதல் வாரத்தில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. சில பத்துப் பேர் கொண்ட ஒரு வட்டம் இவ்வளவு அச்சத்தை விளைவித்ததற்குக் காரணம், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்ற ஏளனம் ஆய்வகத்திலும் விடுதியிலும் எப்படி இயங்குகிறது என்பதை அது வளாகத்துக்குள்ளேயே நின்று பேசியதுதான். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தின் ஐந்து தலித் ஆய்வாளர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டு, அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது, அந்தப் பேச்சுக்கு எத்தகைய விலை கொடுக்க நேரலாம் என்பது நாட்டுக்கே தெரிந்தது.

பெண்களின் அனுபவமும் இதே திசையைச் சுட்டுகிறது. 2019 மார்ச்சில் பொள்ளாச்சிப் பாலியல் வன்முறை வெளிப்பட்டபோது பல ஊர்களில் கல்லூரி மாணவியர் வகுப்பைப் புறக்கணித்து வாயிலில் அமர்ந்தனர். 2023 மார்ச் இறுதியில் சென்னை கலாஷேத்ராவின் மாணவியர் ஆசிரியர்கள் சிலரின் பாலியல் தொந்தரவுக்கு எதிராக உள்ளிருப்புப் போராட்டம் தொடங்க, நிர்வாகம் கல்லூரியை மூடி விடுதியைக் காலி செய்யச் சொல்ல, அவர்கள் வெளியேற மறுத்து அமர்ந்திருந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது அதன் பின்னரே. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் தொந்தரவைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த விதிகளின்படி, மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் மூன்று மாணவர் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான சனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மாணவர் தேர்தலே நடக்காத கல்லூரியில் இந்த விதி எவ்வாறு நிறைவேறும் என்று கேட்டால், முதல்வர் மூன்று பெயர்களை எழுதிக் கையெழுத்திடுகிறார் என்பதே நடைமுறையில் கிடைக்கும் விடை.

வாக்காளர் பட்டியலைக் காட்டி இளைஞர்களைக் குறைசொல்வோரும் உண்டு. 1989 மார்ச் 28 முதல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் நாடெங்கும் 18, 19 வயதினரில் 1.8 கோடிப் பேர் பதிவு செய்திருந்தனர். மக்கள்தொகைக் கணிப்புகளோடு ஒப்பிட்டால் இது அவ்வயதினரில் பத்தில் நால்வருக்கும் குறைவு. ஊரை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் தம் விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கல்லூரித் தலைவரின் சான்று ஒன்று போதும். இந்த வசதியை மாணவருக்கு எடுத்துச் சொல்லி அச்சான்றை முனைந்து வழங்கும் கல்லூரிகள் எத்தனை என்பதையும் அந்தக் குறையோடு சேர்த்துக் கேட்பதுதான் முறை.

தேர்தல் வந்தால் வன்முறை வரும் என்பது கல்லூரி நிர்வாகங்களின் நிலையான மறுமொழி. அது வெறும் சாக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. கட்சிச் சார்புள்ள மாணவர் அமைப்புகள் வலுவாக இயங்கும் கேரளத்தில் 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி வளாகத்தில் அபிமன்யு என்ற மாணவர் எதிரணியினரால் குத்திக் கொல்லப்பட்டார். வளாக அரசியலைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகளை 2003 முதலே கேரள உயர் நீதிமன்றம் வழங்கி வந்திருப்பதற்குப் பின்னால் இத்தகைய இறப்புகளின் நீண்ட வரிசை இருக்கிறது. ஆனால் தேர்தல் இல்லாத தமிழ்நாட்டில் வன்முறை இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. சட்டக் கல்லூரியின் 2008ஆம் ஆண்டு நவம்பரும் ரூட்டு தலச் சண்டைகளும் மாணவர் மன்றம் இல்லாத இடங்களின் வன்முறைகளே. கேரளத்து வன்முறைக்கு ஒரு கொடியும் பொறுப்பேற்க வேண்டிய ஒரு கட்சியும் உண்டு. அதைக் கண்டித்து அதே வளாகத்தில் மறுநாள் கூட்டம் போட மற்றொரு சங்கமும் உண்டு. தமிழ்நாட்டில் சாதியின் பெயரால் கையில் கயிறு கட்டி வரும் மாணவனை எதிர்த்து வளாகத்துக்குள் கூட்டம் போட எவருக்கும் அனுமதி இல்லை.

தொடங்க வேண்டிய இடங்கள் சிறியவை. தமிழ்நாடு அரசு 2025இல் நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரிட்டது. கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் உணவுப்படியில் இயங்கும் அவ்விடுதிகளில், அந்தப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் குழு ஒன்று அமையுமானால், கும்பகோணத்துப் பானையிலிருந்து தொடங்கிய அரசியலின் நேர் வாரிசாக அது இருக்கும். உள் புகார்க் குழுவின் மூன்று உறுப்பினர்களை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தினால் போதும். லிங்டோ குழுவும், சூழல் உகந்ததாக இல்லாத நிறுவனங்கள் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஐந்தாண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்று கூறியிருந்தது. அந்த ஐந்தாண்டுகள் 2011இல் முடிந்துவிட்டன. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இடைக்கால ஏற்பாடுதான் இன்றும் தொடர்கிறது.